நாகை – காங்கேசன்துறை கப்பலுக்கு அரசுப் பணம் தேவையா?

கணக்கன்:
எனக்கு ரொம்ப நாளா உறுத்துற கேள்வி. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையில இருக்கிற காங்கேசன்துறைக்கும் ஓடுற கப்பலுக்காக மாசம் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாய், ஒரு வருஷத்துக்குத் தர்றதா 2024ல இந்திய அரசு அறிவிச்சது. டிக்கெட் விலை ஏறாம இருக்கத்தானாம். அங்கே ஓடுற சிவகங்கைங்கிற கப்பல்ல 150 பேர் உட்காரலாம். மாசம் 20 நாள், போக ஒரு நடை, வர ஒரு நடைன்னு வைங்க. மொத்தம் 6,000 இருக்கை. ஒண்ணு விடாம நிரம்பினாலும் ஒரு இருக்கைக்கு 4,000 இலங்கை ரூபாய்க்கு மேல அரசு போடுது. பாதி காலின்னா 8,000. யாழ்ப்பாணம் போய் நல்லூர்ல கும்பிட்டுட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டு வர்றவருக்கு நான் எதுக்கு வரி கட்டணும்?

நாகூர்க்காரன்:
கணக்கன் அண்ணே, வகுத்தல் சரி, கணக்கு தப்பு. அந்தப் பணம் பயணி சட்டைப்பையில போகல. நாகை துறைமுகத்துல ஆகுற கட்டணம், அங்கே ஓட்டுறதுக்கான செலவு, இதுக்குத்தான். அந்தத் துறைமுகம் யாருது? தமிழ்நாடு கடல்சார் வாரியத்தோடது. ஒரு அரசு கொடுத்து இன்னொரு அரசு வாங்குது. வலது பையில இருந்து இடது பைக்கு.

இன்னொண்ணு. உடான் திட்டத்துல 2017லேர்ந்து சின்ன ஊர் விமானங்களுக்கு இருக்கைக் கணக்குலதான் பணம் கொடுக்கிறாங்க. அப்ப யாரும் வகுத்துப் பார்க்கல. கப்பல்னா மட்டும் கால்குலேட்டர் வெளிய வருது.

கணக்கன்:
உடானையும் நான் திட்டித்தான் இருக்கேன், பழைய இழையைத் தேடிப் பாருங்க. வலது பை இடது பைங்கிறதும் அரைக் கணக்கு. டீசலும் மாலுமி சம்பளமும் எந்தப் பைக்குப் போகுது?

2023ஐ மறந்துட்டீங்களா? அக்டோபர் 14 அன்னிக்கு பிரதமர் காணொளியில கொடியசைச்சு செரியபாணிங்கிற கப்பல் கிளம்பிச்சு. ஒரு வாரம் ஓடல, வடகிழக்குப் பருவம்னு நிறுத்தியாச்சு. ஐப்பசியில மழை வரும்னு நாகையில சின்னப் புள்ளைக்குத் தெரியும். மறுபடி கப்பல் வந்தது 2024 ஆகஸ்ட் 16. வருஷத்துல சில மாசம் கடல் விடாதுன்னு தெரிஞ்ச வழிக்குத்தான் பணம் கொட்டுறோம்.

பழைய துறைமுகம்:
நடுவுல நான் வேற பக்கம் இழுக்கிறேன், மன்னிக்கணும். என் தாத்தா பினாங்கிலிருந்து ரஜூலா கப்பல்ல நாகைக்கு வந்தவர். மேல்தளப் பயணி. பாய், தகரப் பெட்டி, ஒரு கூஜா. அந்தப் பெட்டி இப்பவும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு, மூடியில வெள்ளைப் பெயிண்ட்ல அவர் பேரும் "நாகபட்டணம்"னு ஊர்ப் பேரும், நடுவுல 'ப்' இல்லாம. 1926ல கட்டின கப்பல், ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா உழைச்சுது. 1974ல உடைச்சு இரும்பாக்கிட்டாங்க. ஒரு நங்கூரமாவது வாங்கி நாகையில வெச்சிருக்கக் கூடாதா?

அதே 1974ல ஸ்காட்லாந்துல வேவர்லிங்கிற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலை ஒரு பவுனுக்கு ஆர்வலர் சங்கத்துக்கு வித்தாங்க. இன்னிக்கும் கோடையில ஆளை ஏத்திக்கிட்டு ஓடுது. கொதிகலன் பழுதானப்ப ஊர் மக்கள் காசு போட்டாங்க, ஸ்காட்லாந்து அரசும் 10 லட்சம் பவுன் கொடுத்துச்சு.

கணக்கன்:
ஐயா, தாத்தா பெட்டிக்கு மரியாதை. ஆனா நீங்க சொன்ன கதையிலேயே விடை இருக்கு. அங்கே முதல்ல சங்கம் வந்துச்சு, டிக்கெட் வித்தாங்க, உண்டியல் குலுக்கினாங்க, கடைசியா அரசு வந்துச்சு. நம்ம ஊர்ல முதல் ஆளே அரசுதான். பழைய கப்பல் உப்புத் தண்ணியில நிக்கிற வீடு மாதிரி, வருஷா வருஷம் தகடு மாத்தணும். ரஜூலாவை வெச்சிருந்தா இந்நேரம் பாதி துருவா நின்னிருக்கும். நங்கூரம் கேட்டீங்கள்ல, அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்.

நெடுந்தீவான்:
வாசிச்சுக்கொண்டே இருந்தனான், இனிப் பொறுக்கேலாது. நீங்கள் எல்லாரும் உல்லாசக் கப்பலைப் பற்றிக் கதைக்கிறியள். எங்களுக்குக் கப்பல்தான் றோட்டு. நெடுந்தீவிலயிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். சோளகக் காத்து எழும்பினால் படகின்ர முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், சாக்கால மூடிக்கொண்டு இருக்கிறதுதான். காஸ் சிலிண்டர், சீமெந்து, கோழித்தீன் எல்லாம் எங்களோடதான் வரும். ஏத்துகூலி, இறக்குகூலி, அங்கால திரும்ப ஏத்துகூலி.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில ஓடுற மிதவையை நாங்கள் "பாதை" எண்டுதான் சொல்லுறது. அதை ஓட்டுறது வீதி அபிவிருத்தி அதிகாரசபை. பேரிலயே விளங்குதெல்லோ? றோட்டுக்கு ஆரும் லாபநட்டம் பார்க்கிறேல்லை.

பழைய கப்பல் எண்டியள். எங்களுக்கு அது குமுதினிப் படகு. 1985 மே 15, அதில வந்த சனத்தை நடுக்கடலில வெட்டினவை. முப்பது பேருக்கு மேல. பேந்தும் அதே படகிலதான் ஏறினனாங்கள், வேற வழி இல்லை. அதைத் திருத்தி வைச்சிருக்க அரசாங்கக் காசு செலவழிச்சால் அது வீண்செலவு எண்டு எந்தக் கணக்கன் சொல்லுவார்?

கணக்கன்:
அண்ணை, அதை நான் சொல்ல மாட்டேன். தீவுக்குப் போற படகு வேற, நான் கேட்டது வேற. எதுக்குக் கொடுக்கலாம், எதுக்குக் கூடாதுன்னு கோடு எங்கேங்கிறதுதான் என் கேள்வி. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அக்கரையில இருந்தா கொடு. கோயிலும் ஜவுளிக்கடையும் இருந்தா டிக்கெட்டை அவனே வாங்கட்டும்.

நாகூர்க்காரன்:
அந்தக் கோடு நிக்காதுண்ணே. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதுக்கு அப்புறமும் ராமேஸ்வரம் – தலைமன்னார் ராமானுஜம் கப்பல் ஓடிச்சு. இனக்கலவரத்துக்குப் பின்னாடி அதுவும் நின்னுச்சு. அதுல போனவன் எவன்? பொண்ணு கொடுத்தவன், சரக்கு எடுத்தவன், சாவுக்குப் போனவன். அவனைச் சுற்றுலாப் பயணின்னு எந்தப் படிவத்துல போடுவீங்க? இப்பவும் கப்பல்ல பாருங்க, குருவிங்க பாதி. குருவின்னா கேலியா பேசுவாங்க. பத்துக் கிலோ துணி கொண்டுபோய் வித்து வீடு நடத்துறவங்க. விமான டிக்கெட் அவங்களுக்குக் கட்டாது.

பழைய துறைமுகம்:
அந்தமான் கப்பல்ல ஒரு வழி இருக்கே. தீவுவாசிக்கு ஒரு கட்டணம், மத்தவங்களுக்கு ஒரு கட்டணம். அடையாள அட்டை காட்டணும். நாகையிலயும் அப்படி, அடிக்கடி போறவங்களுக்கு மட்டும் குறைச்சா?

கணக்கன்:
இது கொஞ்சம் கேக்க முடியுது. ஆனா மாசம் எத்தனை பேர் ஏறினாங்க, எத்தனை நடை கடலால நின்னுச்சுன்னு கப்பல் ஆபீஸ் வாசல்லயே எழுதிப் போடணும். அது இல்லாம ஒரு ரூபாயும் கூடாது.

நெடுந்தீவான்:
எழுதிப் போடுறதெண்டால் கூடவே படகின்ர பரிசோதனைத் திகதியையும் போடச் சொல்லுங்கோ. 2021 நவம்பரில கிண்ணியா குறிஞ்சாக்கேணியில பாலம் கட்டி முடியாமல், இழுவைப் பாதை ஒண்டை விட்டு, அது கவிண்டு பள்ளிக்கூடப் பிள்ளையள் செத்துப் போனது. காசு குடுக்காமல் விட்டால் அங்கால இப்பிடித்தான் ஏதாவது ஒண்டு ஓடும், ஓடாமல் இருக்காது.

கணக்கன்:
அது மேற்பார்வைக் கோளாறு, மானியக் கோளாறு இல்ல.

நெடுந்தீவான்:
மேற்பார்வைக்கு வாற ஆளுக்கும் சம்பளம் அரசாங்கக் காசுதானே தம்பி. சரி, நாளைக்கு வெள்ளாப்பில படகுக்குப் போகவேணும், காத்து இப்பவே ஊளையிடுது. ஏலுமெண்டால் பின்னேரம் வந்து மிச்சம் சண்டை பிடிக்கிறன்.