மறுமொழி: ஜம்ப் ஸ்கேருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். பேய்ப்படங்களில் பார்ப்பவரைத் திடீரென்று துள்ள வைக்கும் ‘ஜம்ப் ஸ்கேர்’ உத்திக்குத் தமிழ்ச்சொல் கேட்ட இழைக்கு என் பதில் இது. இழையில் வந்த இரண்டு கருத்துகளை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> ‘திடுக்காட்சி’ என்றே வைத்துவிடலாம். பார்ப்பவர் திடுக்கிடும் காட்சி, எல்லாருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் அந்தச் சொல் தப்பான இடத்தைச் சுட்டுகிறது. ஏன் என்பதற்கு நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் ஒரு சமூக மன்றத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் காணொளித் தொகுப்பு சொல்லித் தருகிறேன், தமிழிலேயே. இந்த மாதம் பேய்ப்பட முன்னோட்டம். காட்சிகளை அவர்களே எடுத்து வந்தார்கள். வீவக (சிங்கப்பூர் அரசின் அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் தாழ்வாரம், இரவு. மின்தூக்கிக் கதவு திறக்கிறது, உள்ளே யாரும் இல்லை. கேமரா மெல்ல நெருங்குகிறது. திரை கறுக்கிறது. பிறகு கதவிடுக்கில் ஒரு முகம்.

முதலில் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டினேன். முகம் வந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் முகத்தை எடுத்துவிட்டு, வெறும் கறுப்புத் திரையோடு ஒலியை மட்டும் விட்டேன். சத்தம் விழுந்ததும் முன்வரிசையில் இருந்த பெண்ணின் கையிலிருந்து தண்ணீர்ப் புட்டி நழுவிக் கீழே உருண்டது. காட்சியே இல்லாமல் திடுக்கிட்டவளுக்கு நடந்ததை எப்படித் ‘திடுக்காட்சி’ என்பது?

தொகுப்பு மென்பொருளில் அந்த இடத்து ஒலிவரியை, அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டை, பெரிதாக்கினால் எல்லாம் தெரியும். முதலில் மேடு மேடாக ஏறும் ஓசை. பிறகு ஏறக்குறைய ஒரு நொடிக்குக் கோடு தட்டையாகக் கிடக்கிறது. அதை ஒட்டிச் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் ஒரு கட்டி, அதுதான் அடி. நொடிக்கு 24 ஃபிரேம் (காணொளியின் ஒற்றைப் படம்) என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 42 மில்லிநொடி. திடீர்ச் சத்தத்துக்கு இமை துடிக்க அவ்வளவு நேரமே போதும். முகம் யாருடையது என்று மனம் விளங்கிக்கொள்ள அதைவிட நேரமாகும். அதனால்தான் அடியை முகத்துக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். உடம்பு முதலில் துள்ளும், கண் பிறகு காரணம் தேடும்.

ஆகவே என் பரிந்துரை வெறும் ‘திடுக்கு’. திடுக்கிடு என்பதே திடுக்கு + இடு தானே? பெயர்ச்சொல் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘இந்த முன்னோட்டத்தில் மூன்று திடுக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், உறுத்தவே இல்லை. மின்தூக்கியும் உணவங்காடியும் சிங்கப்பூரில் நிலைத்ததற்குக் காரணம், கேட்டதும் பொருள் தெரிவதுதான். கூட்டுச் சொற்களும் இதிலிருந்து தானாக வருகின்றன. அந்த அடிச் சத்தம் திடுக்கொலி. அதற்கு முந்தைய அமைதி ஒலியடக்கம்.

பொய்த்திடுக்கு என்றும் ஒன்று வேண்டும். 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். பின்னால் கேட்ட காலடி நின்றுவிடுகிறது. அவள் நடையைக் கூட்டுகிறாள். திடீரென்று ஒரு சீறல்! விலங்கு பாய்ந்துவிட்டது என்று நாம் பதறும்போது பேருந்து ஒன்று வந்து நிற்கிறது. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள். நம் பேருந்து நிறுத்தங்களில் தினமும் கேட்கும் அதே ‘புஸ்ஸ்’தான். மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

> பழஞ்சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு? ‘விதிர்ப்பு’ எவ்வளவு அழகு!

அழகுதான், ஐயா. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்’ என்று தொல்காப்பிய உரியியலே சொல்கிறது. ஆனால் நடுக்கம் நீடிப்பது. திடுக்கு இமைப்பொழுதில் முடிந்துவிடும். அந்தச் சொல்லை இதில் செலவழித்துவிட எனக்கு மனமில்லை. 1980-இல் வந்த ‘தி ஷைனிங்’ படத்தின் முன்னோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூடிய மின்தூக்கிக் கதவுகள், அசையாத ஒரே ஷாட், எழுத்துகள் மேலே நகர்ந்து போகின்றன. பிறகு கதவிடுக்கிலிருந்து இரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. வெட்டு ஒன்றுகூட இல்லை. இசை இறுகிக்கொண்டே போகிறது, நம்மைத் துள்ள வைக்கும் அடி கிடையாது. விதிர்ப்பு என்ற சொல் அங்கே போய் உட்காரட்டும். இரண்டு வகை அச்சத்துக்கும் தனித்தனிச் சொல் இருந்தால்தான், இரண்டரை நிமிடத்துக்குள் பாத்திரங்களை அறிமுகப்படுத்த நேரமில்லாத தொகுப்பாளர் ஏன் அடிக்கடி திடுக்கையே நாடுகிறார் என்று மாணவனோடு பேச முடியும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒலியடக்கத்துக்கு முன்னால் ஏறிக்கொண்டே போகும் அந்த ஓசைதான். தொகுப்பாளர்கள் ‘ரைசர்’ என்பது. ‘ஏறொலி’ என்று எழுதினேன். ஏறு என்றால் காளையும் உண்டு, இடியும் உண்டு, படிப்பவர் தடுமாறுவார். ஒரு மாணவன் ‘முறுக்கொலி’ என்றான். பம்பரக் கயிற்றை இறுக்கிக்கொண்டே போவதுபோல இருக்கிறதாம். எனக்கு அது பிடித்திருக்கிறது. இழையைத் தொடங்கிய அக்கா என்ன சொல்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை கைத்தாளை அச்சிடுகிறேன், அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.