காதில் விழுந்து இன்னும் போகாத குரல்: ஒலிநூல் கேட்டவர்கள் சொல்லுங்கள்

சேலம் வாசகி

'பாரகூன்' கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நேற்று முடித்தேன், மனசு ஆறவில்லை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1927-ல் அலபாமாவுக்குப் போய், கொஸ்ஸோலா என்ற பெரியவரிடம் பேசி எழுதிய நூல். க்ளோடில்டா கப்பல் விவகாரம்தான். வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்று அமெரிக்காவில் 1808-லேயே தடை வந்துவிட்டது. அப்படியும் 1860-ல் ஆப்பிரிக்காவிலிருந்து நூறு பேருக்கு மேல் அந்தக் கப்பலில் திருட்டுத்தனமாக ஏற்றி வந்தார்களே, அவர்களில் ஒருவர்தான் இந்தக் கொஸ்ஸோலா.

எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பது என் வழக்கம். அன்றைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எதற்காக இதையெல்லாம் சொல்கிறேன் என்று அவர் சொல்லும் இடம் வந்தது. ஆப்பிரிக்க மண்ணில் என்றைக்காவது யாராவது தன் பெயரைச் சொல்ல வேண்டும், அங்கே ஒருவர் "ஆமாம், எனக்குக் கொஸ்ஸோலாவைத் தெரியும்" என்று சொல்ல வேண்டும், அதற்காகத்தானாம். எண்பதைத் தாண்டியவர் பேசுகிறார், எனக்கு அது ஒன்றரை மடங்கில் ஓடிப்போகிறது. துருவலைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையோடு போனைத் தொட்டுப் பின்னால் தள்ளி, சாதாரண வேகத்தில் மறுபடி கேட்டேன். அப்புறம் இன்னொரு தடவை.

அவருடைய உடைந்த ஆங்கிலத்தை ராபின் மைல்ஸ் அப்படியே வாசிக்கிறார். அச்சில் பார்த்திருந்தால் எழுத்துப்பிழை போலத் தெரிந்து இரண்டு பக்கத்தில் மூடியிருப்பேன். அந்தப் பேச்சைத் திருத்தித் தரச் சொல்லிப் பதிப்பகம் கேட்டபோது ஹர்ஸ்டன் சம்மதிக்கவில்லை. நூல் 2018-ல்தான் வெளிவந்தது, அவர் இறந்து 58 வருடம் கழித்து. ஒருவர் பட்ட பாட்டை வேகமாக ஓட்டிக் கேட்பது அவமரியாதை என்று இப்போது நினைக்கிறேன்.

கேட்டுப் படிப்பவன்

அக்கா, கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினித் திரையில் இருப்பதைக் குரலாக்கும் மென்பொருளை நீங்கள் கேட்டால் ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில்தான் வைத்திருக்கிறேன். அது அவமரியாதை இல்லை, என் வாசிப்பு வேகம். கண்ணால் படிப்பவர்களை யாரும் மெதுவாகப் படிக்கச் சொல்வதில்லையே.

எனக்கு நிற்பது வேறொரு குரல். கல்லூரியில் வரலாறு எடுத்தேன். பாடப் புத்தகங்களைத் தன்னார்வலர்கள் கேசட்டில் வாசித்துத் தருவார்கள். 1947 பிரிவினை அத்தியாயத்தை ஓர் அம்மா வாசித்தார். அகதிகள் ரயிலைப் பற்றிய பத்தியில் குரல் நின்றுவிட்டது. கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே மழைச் சத்தம், ஒரு மூச்சு, பக்கம் திரும்பும் ஓசை. "மன்னிக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டு அந்தப் பத்தியை முதலிலிருந்து தொடங்கினார். தேர்வில் என்ன எழுதினேன் என்பது மறந்துவிட்டது. அந்த மூச்சு மறக்கவில்லை.

பார்வையற்றோருக்காக நூல்களைக் கேட்கும் வடிவுக்கு மாற்ற வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013-ல் வந்தது. 2014-ல் அதை உறுதிசெய்த முதல் நாடு இந்தியா. அதற்கும் முன்பே, 2012-ல், நம் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். சட்டம் கதவைத் திறந்தாயிற்று. ஆனால் எனக்கு வேண்டிய தமிழ் வரலாற்று நூல்களுக்கு இன்றும் யாரையாவது வாசித்துத் தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. "கேட்பதெல்லாம் படிப்பதாகுமா" என்று பேசுபவர்கள் ஒரு நூலை வாசித்துப் பதிவுசெய்து தாருங்கள், அப்புறம் பேசலாம்.

தாம்பரம் லோக்கல்

என்னுடையது வரலாறு இல்லை, சுயமுன்னேற்றம். 'அட்டாமிக் ஹேபிட்ஸ்', ஜேம்ஸ் கிளியர் தானே வாசித்தது. தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் வருடக் கடைசியில் 37 மடங்கு என்பாரே, அந்த இடம்.

வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. வழக்கமான ரயிலில் ஏறி, பீச் வரை போய்த் திரும்புவேன். கிண்டி தாண்டி வண்டி நின்ற நேரத்தில் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 37 சரிதான். தினம் ஒரு சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் என்றும் போட்டேன். 0.03 வந்தது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்தான் அது என்று தோன்றியது.

நூலில் சரக்கில்லை என்று சொல்லவில்லை. இருக்கிற பழக்கத்தோடு புதியதை ஒட்டவை என்கிறார். காபி குடித்ததும் பத்து நிமிடம் நடப்பது அப்படி வந்ததுதான், இன்றுவரை நிற்கிறது. ஆனால் அவ்வளவு நிதானமான குரல் காதுக்குள் நேராக 'நீ, நீ' என்று பேசும்போது, கம்பெனி ஒரு பிரிவையே மூடியதைக்கூட என் பழக்கத்தின் கோளாறு என்று நம்பிவிட்டேன். எங்கள் பிரிவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அத்தனை பேருக்குமா பழக்கம் சரியில்லை? அச்சில் படித்திருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறியாவது போட்டிருப்பேன்.

இரவுப்பணி

தாம்பரம் சார், நானும் அந்த நூலைக் கேட்டேன், எனக்கு நல்லதுதான் நடந்தது. நீங்கள் கேட்ட விதத்தில்தான் தவறு. சுயமுன்னேற்ற நூலை ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் கேட்காதீர்கள். பயணத்தில் வேண்டவே வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்தில் நோட்டு இருக்கட்டும், கேட்டதும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு நூலைச் செய்து பார்க்காமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள். தூங்கும்போது கேட்பதாக இருந்தால் இருபது நிமிடத்தில் தானாக நிற்கும்படி வையுங்கள், இல்லையென்றால் விடிந்ததும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டும். இரண்டு காதிலும் மாட்டாமல் ஒன்றை விட்டுவையுங்கள், ரயிலில் அது பாதுகாப்பும்கூட. வரலாற்று நூல் என்றால் வரைபடத்தைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, வீட்டில் சொல்லிவிடுங்கள் சார்.

தாம்பரம் லோக்கல்

வீட்டில் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. நான் வழி கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

ஸ்கார்பரோ

'போர்ன் எ க்ரைம்', தென்னாப்பிரிக்க நகைச்சுவையாளர் ட்ரெவர் நோவா தன் கதையைத் தானே வாசிப்பது. கறுப்புத் தாய்க்கும் வெள்ளைத் தகப்பனுக்கும் 1984-ல் பிறந்தவர். அந்த உறவே அப்போது அங்கே குற்றம், 1927 தொடக்கம் சட்டப்படி அப்படித்தான் இருந்தது.

காரில் போட்டிருந்தேன், பக்கத்தில் அம்மா. அவவுக்கு ஆங்கிலம் ஓரளவுதான் விளங்கும். பின்னால் வரும் சூலு இளைஞர்கள் தன்னைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுவது நோவாவுக்குக் கேட்கும். திரும்பி அவர்களுடைய மொழியிலேயே பேசுவார், அவர்களும் மன்னிப்புக் கேட்பார்கள். அந்த இடத்தில் அம்மா "இது என்ன பாஷை?" என்று கேட்டா. சொன்னேன், நடந்ததையும் விளக்கினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி "பால்திய" என்றா. இன்னொரு முறையும், இன்னும் சுத்தமாக. வாளிக்குச் சிங்களச் சொல். இலங்கையில் கலவர நேரத்தில் வழிமறித்து அதைத்தான் சொல்லச் சொல்வார்கள், முதல் எழுத்திலேயே தமிழரின் நாக்கு அகப்பட்டுவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1983 யூலையில் அம்மா கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவ. அதைப் பற்றி எங்களிடம் ஒரு நாளும் கதைத்ததில்லை.

புத்தகத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அம்மா இல்லாமல் கேட்க மனமில்லை. போன சனிக்கிழமை காரில் ஏறியதும் அவவே "அந்தப் பெடியன்ரை கதையைப் போடு" என்றா. போட்டேன். ரேடியோப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு வந்தா. வீடு வந்த பிறகும் இறங்கவில்லை.