வழிகாட்டி இல்லாமல் ஒரு நாள் காட்டு நடை: ‘எளிது’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

நிழல்தேடி:

அடுத்த மாதம் அம்மாவையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு மலைப்பகுதிக்குப் போகிறேன். நடுவில் ஒரு நாள் முழுதும் கையில் இருக்கிறது. வழிகாட்டி, குழு, கொடி பிடித்து முன்னால் போகிறவர் எதுவும் வேண்டாம். எங்கள் போக்கில் நாங்களே நடக்க விரும்புகிறோம். அம்மாவுக்கு வயது 64. தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர்தான். ஆனால் படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கும்.

செயலியில் இரண்டு பாதைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 7 கிலோமீட்டர், புறப்பட்ட இடத்துக்கே சுற்றிக்கொண்டு வருவது. ‘எளிது, 2 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறது. மற்றது கைவிடப்பட்ட பழைய ரயில் பாதை. போக மட்டும் 9 கிலோமீட்டர், ‘நடுத்தரம்’. முதல் பாதைதான் எங்களுக்குச் சரி என்று படுகிறது. ஆனாலும் தயக்கம். போன முறை இப்படி ‘எளிது’ என்று நம்பிப் போய், பாதி வழியில் அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். “இன்னும் கொஞ்சம்தான்” என்று நான் ஐந்து முறை சொன்னேனாம். அவர் இன்றுவரை கணக்கு வைத்திருக்கிறார்.

பழைய அளவையாளர்:

தூரத்தைச் சொன்னீர்கள், ஏற்றத்தைச் சொல்லவில்லையே! நில அளவையில் காலம் கழித்தவன் நான். ஒரு பாதையின் நீளத்தை மட்டும் சொன்னால் எனக்குப் பாதிச் செய்திதான் வந்து சேர்ந்தது போல இருக்கும். அந்தப் பக்கத்திலேயே ‘மொத்த ஏற்றம்’ என்று மீட்டரில் ஒரு எண் இருக்கும். அதைப் பாருங்கள். கூடவே உயர வரைபடம் இருந்தால், ஏற்றம் முழுக்கப் பரவியிருக்கிறதா, ஒரே இடத்தில் குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவுகளில், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதில் ஓய்வு சேராது. நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகிற நேரம் அது. குழந்தையும் பெரியவரும் கூட வந்தால் நான் ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன். இது என் சொந்த வழக்கம், விதி அல்ல.

எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், மீதியைப் பேசுவோம்.

சும்மாநடப்பவன்:

நடப்பதற்கு இவ்வளவு கணக்கா? காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். முடியாவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.

ஈரமண்:

‘எளிது’, ‘நடுத்தரம்’ என்பதற்கெல்லாம் உலகப் பொதுவான அளவு கிடையாது. சில நாடுகளில் அரசே பாதைகளைத் தரம் பிரித்துக் குறியிடுகிறது. சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறி சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் மலைப்பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் அனுபவசாலிகளுக்கு மட்டும். அங்கே பலகையில் போட்டிருக்கும் நேரத்திலும் ஓய்வு சேராது. செயலிகளில் பல சமயம் முன்பு நடந்தவர்கள் சொன்னதுதான் தரம். அதைச் சொன்னவர் 25 வயது ஓட்டக்காரராகவும் இருக்கலாம்.

சமதளமாக இருந்தாலே எளிது என்றும் நினைத்துவிட வேண்டாம். மடெய்ரா தீவில் லெவாடா என்று பாசனக் கால்வாய்கள் உண்டு. தண்ணீர் மெல்ல ஓட வேண்டும் என்பதால் அவற்றை ஒட்டிய பாதை ஏறக்குறைய மட்டமாகவே போகும். ஆனால் சில இடங்களில் ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பாதாளம், நடுவில் ஓர் ஆள் நடக்கும் அகலம். பழைய படங்களை நம்பாமல், அண்மையில் நடந்தவர்கள் எழுதிய குறிப்புகளையும் புகைப்படங்களையும் பாருங்கள். பாலம் உடைந்திருக்கிறதா, மரம் விழுந்து கிடக்கிறதா என்பது அவற்றில்தான் தெரியும்.

நிழல்தேடி:

பார்த்தேன். 7 கிலோமீட்டர் பாதைக்கு ஏற்றம் 460 மீட்டர். அதில் 400 மீட்டர் முதல் 2 கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடுகிறது. ரயில் பாதைக்கு 9 கிலோமீட்டருக்கும் சேர்த்து 90 மீட்டர்தான். ஆனால் போக வர 18 கிலோமீட்டர் ஆகிறதே, அம்மாவால் முடியாதே?

பழைய அளவையாளர்:

முதலில் உங்கள் ‘எளிது’. ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 400 மீட்டர் என்பது 130 மாடிக்கும் மேல். அதுவும் காலையில் கால் சூடேறுவதற்குள். நெய்ஸ்மித் கணக்குப்படி மொத்தம் 2 மணி 10 நிமிடம். உங்களுக்கு 3 மணி 15 நிமிடம், உட்காரும் நேரம் தனி. சுற்றி வரும் பாதை என்பதால் ஏறிய 460 மீட்டரையும் இறங்கியே ஆக வேண்டும். அம்மாவுக்கு வலிப்பது இறங்கும்போதுதானே?

ரயில் பாதையில் 100 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் ஏற்றம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தாக ஏறாது. அதனால் அந்தக் காலத்தில் மலையைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்தார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று முழங்கால் வலிக்காரர்களுக்குக் கிடைக்கிறது. ஸ்பெயினில் பழைய ரயில் தடங்களை ‘வியாஸ் வெர்தேஸ்’ என்ற பெயரில் நடைக்கும் சைக்கிளுக்கும் மாற்றியிருக்கிறார்கள். உங்கள் செயலி அந்தப் பாதையை ‘நடுத்தரம்’ என்றது நீளத்தை வைத்துத்தான் இருக்கும்.

18 கிலோமீட்டரையும் நடக்கச் சொன்னது யார்? போன வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்திலும் திரும்பிக்கொள்ளலாம். சுற்றுப்பாதையில் பாதிக்கு வந்துவிட்டால் முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒன்றுதான். சும்மாநடப்பவன் “திரும்பி வந்துவிடலாம்” என்கிறார். எந்தப் பாதையில் திரும்ப முடியும் என்பதுதானே ஐயா கேள்வி!

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஓய்வு பெற்ற ஆண்டில் மனைவியோடு ஒரு சுற்றுப்பாதைக்குப் போனேன். தொடக்கத்தில் பலகை, அதில் 2 மணி நேரம் என்று அழகான எழுத்து. முக்கால் பங்கு கடந்ததும் ஓடை. மரப்பாலத்தை முந்தைய வார மழை கொண்டுபோயிருந்தது. தண்ணீர் இடுப்பளவு, இழுப்பும் அதிகம். எதிர்க்கரையிலிருந்து கிளம்பிய இடம் கூப்பிடு தூரம்தான். முக்கால் பங்கு வழியையும் திரும்ப நடந்தோம். பள்ளத்தாக்கில் சூரியன் மறைவதற்கு முன்பே இருட்டிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் டார்ச் எடுத்துப் போகவில்லை. போனின் வெளிச்சத்தில் நடந்து, கடைசிக் கிலோமீட்டரில் அதுவும் அணைந்தது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அன்று முதல் டார்ச் அவர் பையில்தான் இருக்கிறது, என்னிடம் தருவதில்லை.

எனவே, கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள், இடத்தை அல்ல. மூன்று மணி நேரம் நடக்கத் திட்டமென்றால், 1 மணி 15 நிமிடம் ஆனதும், எங்கே நின்றாலும் திரும்புங்கள். களைத்த கால்களுக்குத் திரும்ப நேரம் கூட வேண்டும். தாழ்வான முனையிலிருந்து தொடங்குங்கள். வரும்போது லேசான இறக்கமாக இருக்கும். அம்மாவுக்கு இரண்டு ஊன்றுகோல் கொடுங்கள். முந்தைய நாள் எல்லோரும் கால் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இறக்கத்தில் நகம் ஷூவில் முட்டி முட்டியே நடை கெட்டுப்போகும். புது ஷூ வேண்டவே வேண்டாம். பழைய ரயில் பாதையில் ரயிலுக்காகக் குடைந்த குகை இருக்கலாம், அதற்கு டார்ச். குகை திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள்.

ஈரமண்:

போனைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும்; அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. ஆனால் வரைபடம் இணையத்திலிருந்து வருவது. அதை அறையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளாவிட்டால், வெற்றுச் சாம்பல் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். விமானப் பயன்முறையில் வைத்தால், சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீராது.

பையனுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் அடையாளம். விளையாட்டுக்கு ஊதக்கூடாது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும், கேட்கமாட்டான் என்றாலும். எந்தப் பாதைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இடி கேட்டால் தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.

நிழல்தேடி:

போய்விட்டு வந்தோம். ரயில் பாதைதான். காலை 8 மணிக்குக் கிளம்பி 9.15-க்குத் திரும்பினோம், கைப்பேசியில் அலாரமே வைத்திருந்தேன். நான்கு கிலோமீட்டரைத் தொடவில்லை. அலாரம் அடித்தபோது முதல் குகையின் வாசலில் நின்றோம். உள்ளே போய்த் தண்ணீர் சொட்டுவதைக் கொஞ்சம் கேட்டோம். மகன் விசில் ஊதிவிட்டான், ஒரே ஒரு முறை. எதிரொலி வந்ததும் அவனே பயந்து பையில் போட்டுக்கொண்டான்.

அம்மாவுக்கு முழங்கால் வலிக்கவில்லை. “குகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலா திரும்புவது?” என்று வரும் வழியெல்லாம் கேட்டார். “இன்னும் கொஞ்சம்தான்” என்று இந்த முறை சொன்னவர் அவர்.

கொப்புளம் வந்தது எனக்குத்தான், இரண்டு குதிகாலிலும். ஆமாம் ஐயா, புது ஷூ.