டிஆர்எம் என்பதற்கு ‘உரிமப்பூட்டு’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

இணையக் காணொளிகளைக் காக்கும் டிஆர்எம் (டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்) நுட்பத்துக்கு ‘எண்ணிம உரிமை மேலாண்மை’ என்ற சொல்லே போதும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தான். ஆனால் அந்நுட்பம் செய்யும் வேலை அதில் தெரியவில்லை. ஆகவே ‘உரிமப்பூட்டு’ என்பதை முன்வைக்கிறேன்.

காணொளி முதலில் மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது நேரடியாகப் பார்க்க முடியாத குறியீடாக மாற்றப்படுகிறது. பெரும்பாலும் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையின் 128 பிட் திறவியே (கீ) இதற்குப் பயன்படுகிறது. மறையாக்கிய துண்டுகள் யார் கைக்குக் கிடைத்தாலும், திறவி இல்லாமல் அவற்றைப் பார்க்க முடியாது. காணொளியை ஓட்டத் தொடங்கியதும் உலாவியிலுள்ள மறைநீக்கக் கூறு, கோப்புடன் வரும் திறவி அடையாளத்தைக் கொண்டு ஒரு கோரிக்கையை உருவாக்க, அது உரிம வழங்கிக்கு (சர்வர்) செல்கிறது. அங்கிருந்து திரும்பி வருவதற்குத் துறையில் வழங்கும் பெயரே ‘லைசென்ஸ்’, அதாவது உரிமம். திறவி மட்டுமன்றி, அது எவ்வளவு நேரம் செல்லும், இணைப்பின்றிப் பார்க்கலாமா, வெளித்திரைக்கு அனுப்பலாமா என்ற நிபந்தனைகளும் அந்த உரிமத்துக்குள்ளேயே இருக்கும். கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே ஆகிய மூன்றும் விவரங்களில் வேறுபட்டாலும் அடிப்படையில் இப்படித்தான் இயங்குகின்றன.

இங்கே சரிபார்க்கப்படுவது உரிமம், உரிமை அன்று. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்ட படைப்பாக இருந்தாலும், திறனாய்வுக்காகச் சிறு பகுதியை எடுத்தாளச் சட்டம் இடம் தந்தாலும், உரிமம் வந்து சேராவிட்டால் படம் ஓடாது. சட்டத்தின் உரிமையை இந்த மென்பொருளால் அறிய முடியாது.

‘உரிமை மேலாண்மை’ என்ற தொடருக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 1996ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஒப்பந்தம், தொழில்நுட்பத் தடைகளை மீறுவதைப் பற்றி 11ஆம் விதியிலும், படைப்பையும் படைப்பாளரையும் உரிமையாளரையும் அடையாளம் காட்டும் ‘உரிமை மேலாண்மைத் தகவல்’ பற்றி 12ஆம் விதியிலும் தனித்தனியே பேசுகிறது. சட்டம் பிரித்து வைத்த இரண்டையும் நம் கலைச்சொல் ஒன்றாக்கிவிடக் கூடாது.

‘எண்ணிமக் காப்பு’ என்ற பரிந்துரையையும் கவனித்தேன். காப்பு என்றால் அது வெளியிடுபவரின் பார்வை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இச்சுருக்கத்தின் நடு எழுத்தைக் ‘கட்டுப்பாடுகள்’ என்று விரிப்பது எதிர்ப்பவரின் பார்வை. பூட்டு என்பது எந்தப் பக்கமும் சாயாமல் செயலை மட்டும் சொல்கிறது. பூட்டு என்றால் திறப்பதும் மூடுவதும் மட்டுந்தானே, காலக்கெடுவும் படத்தின் தரமும் அதில் எப்படி அடங்கும் என்ற ஐயத்துக்குச் சொல்லின் முற்பாதியே விடை: அந்த நிபந்தனைகள் எல்லாம் உரிமத்தில்தான் எழுதப்படுகின்றன.

சொற்றொடரில் இட்டுப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். ‘2009இல் ஆப்பிள் தன் இசைக் கடையின் பாடல்களிலிருந்து எண்ணிம உரிமை மேலாண்மையை நீக்கியது’ என்று எழுதினால், பாடல்களின் உரிமையை நிருவகிப்பதையே கைவிட்டதுபோல் ஒலிக்கிறது. ‘உரிமப்பூட்டை நீக்கியது’ என்றால் நடந்தது அப்படியே விளங்குகிறது; பதிப்புரிமை இருந்தது, பூட்டு மட்டும் போனது. உரிமப்பூட்டிட்ட காணொளி, உரிமப்பூட்டற்ற கோப்பு, உரிமப்பூட்டு உடைப்பு என்று சொல் இயல்பாகக் கிளைக்கவும் செய்கிறது.

வலைத் தரங்களை வகுக்கும் வைய விரிவலைக் கூட்டமைப்பு (W3C) 2017இல் பரிந்துரையாக வெளியிட்ட ‘மறையாக்க ஊடக நீட்சிகள்’ என்ற தரத்துக்கு மட்டும் இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். வலைப்பக்கமும் மறைநீக்கக் கூறும் பேசிக்கொள்ளும் இடைமுகத்தைத்தான் அது வரையறுக்கிறது, பூட்டை அன்று. கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் தனிப் பதிவுகளாகவே வைக்க வேண்டுகிறேன்.