புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒதுக்கும் முன் எந்தக் கணக்கைக் கேட்பது?

பவானிக்கரை கவுன்சிலர்:
ஈரோடு மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் முதல்முறை உறுப்பினர் நான். இந்த ஆண்டு வரவு செலவுத் திட்ட வரைவில் புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்குப் பெருந்தொகை போட்டிருக்கிறார்கள். என் வார்டில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். மேட்டுத் தெருவில் இரண்டாவது குடம் நிரம்புவதற்குள் குழாய் காற்றடிக்கிறது. கீழ்த் தெருவிலோ சாக்கடைக்குள் போகும் குழாய் உடைந்து, தண்ணீர் விடும் நாளெல்லாம் வீணாக ஓடுகிறது. கேட்டால், “சென்ற ஆண்டு ஒதுக்கியது முழுவதும் செலவாகிவிட்டது” என்கிறார்கள். அந்தச் செலவால் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் கூடியது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. எதைக் கேட்டால் இந்த ஒதுக்கீட்டை மாற்றலாம்?

ஓய்வுபெற்ற கணக்கர், கோபி:
அம்மணி, வாங்கிய தண்ணீர் எவ்வளவு, வீடு சேர்ந்தது எவ்வளவு என்று கேளுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கிலோ லிட்டர் கணக்கில் பணம் கட்டுகிறோம். அளவு பில்லிலேயே இருக்கும். வீட்டில் மீட்டர் இல்லையே என்பார்கள். ஒரு தொட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழுள்ள வீடுகளில் குழாயை அடைக்கச் சொல்லிவிட்டு வால்வைத் திறக்கட்டும். குழாய்கள் நிரம்பிய பிறகும் தொட்டி மட்டம் இறங்கிக்கொண்டே போனால், கசிவு கண்முன்னே தெரியும்.

2008இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 28 சேவை அளவுகோல்களை வகுத்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், வருவாய் தராத தண்ணீர் (கசிவு, திருட்டு போன்றவற்றால் கட்டணம் வராமல் போவது) 20 சதவீதத்துக்குள் என்பவை அதில் உள்ளவை. 13ஆவது நிதிக்குழு இவற்றை மானியத்தோடு இணைத்தது. நான் வேலை பார்த்த ஊரில் அட்டவணையை நிரப்பி அனுப்பினோம். ஒதுக்கீட்டுப் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

தாராபுரம் பக்கத்து ஊராட்சிக்காரர்:
கணக்கர் ஐயா சொல்வது சரி. ஆனால் புகார்ப் பதிவேட்டை மட்டும் அளவுகோலாக எடுத்துவிடாதீர்கள், சகோதரி. எங்கள் ஊராட்சியில் ஒரு குக்கிராமத்திலிருந்து புகாரே வரவில்லை என்று பராமரிப்புத் தொகையைக் குறைத்தார்கள். விடியுமுன் கூலிக்குப் போகிறவர்கள் அலுவலகம் வந்து எழுதிக்கொடுப்பது எப்போது? அளவு குறைவாக இருக்கும் இடத்தில் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். உடனே காசை வெட்டக்கூடாது.

பவானிக்கரை கவுன்சிலர்:
கசிவுதான் காரணம் என்று தெரிந்தால்?

ஓய்வுபெற்ற கணக்கர், கோபி:
குடிநீர் மற்றும் வடிகால் நிதியில் பராமரிப்புத் தலைப்பைக் கூட்டச் சொல்லுங்கள். கிணறு தோண்டினால் மோட்டாருக்கு மின்கட்டணம் ஆண்டுதோறும் வரும்; அதையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். குழாயை மாற்றாமல் கிணறு தோண்டினால் அந்தத் தண்ணீரும் சாக்கடைக்குத்தான் போகும். கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். “கசிவு அளவு மன்றத்தில் வைக்கப்படும் வரை ஆழ்துளைக் கிணற்று ஒதுக்கீட்டில் செலவு செய்யக்கூடாது” என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள்.