சப்வெர்ஷனை விட்டுக் கிட்டுக்கு மாறலாமா? 14 பேர், 11 அரிசி ஆலைகள், மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வர்

அரசலாறு | கும்பகோணம் | ஞாயிறு இரவு

அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனம் எங்களுடையது. 14 பேர் இருக்கிறோம். நெல் எடை, ஈரப்பதக் கழிவு, தவிடு, குருணை, ஏற்றுக்கூலி எல்லாம் அதில் அடக்கம். 2009-இலிருந்து நிரல் முழுவதும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் சப்வெர்ஷன் என்ற கருவியில், அலுவலக மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒரே சர்வரில் இருக்கிறது.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் இரவு இடி இடித்தது. காலையில் சர்வரின் வட்டு எழவில்லை. கையில் இருந்த காப்புப் பிரதி ஒன்பது நாள் பழையது. நிரலின் கடைசி வடிவம் எங்கள் கணினிகளில் இருந்ததால் வேலை தப்பியது. ஆனால் அந்த ஒன்பது நாளில் யார் எதை எதற்காக மாற்றினார்கள் என்ற வரலாறு போனது போனதுதான். அடுத்த வாரமே நீடாமங்கலத்து ஆலையிலிருந்து தொலைபேசி: மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் கழிகிறது, விவசாயிகள் வாசலில் நிற்கிறார்கள் என்று. எந்த மாற்றத்தில் அந்தப் பிழை நுழைந்தது என்று தேட எங்களிடம் ஒன்றுமே இல்லை.

இதே வேலைக்கான இன்னொரு கருவியான கிட்டில் இருந்திருந்தால் 14 கணினிகளிலும் முழு வரலாறும் இருந்திருக்கும். முதலாளியோ, ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்துகிறாய் என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது? மாறியவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி | தஞ்சாவூர் | ஞாயிறு இரவு

தம்பி, பூட்டாமல் தூங்கிவிட்டுத் திருடு போனதும் கதவை மாற்றப் போகிறீர்கள். சப்வெர்ஷனுடனேயே ஹாட்காப்பி என்ற கட்டளை வருகிறது. சர்வரை நிறுத்தாமலே முழுக் களஞ்சியத்தையும் (நிரலும் அதன் வரலாறும் சேர்ந்தது) நகலெடுக்கும். எஸ்விஎன்சிங்க் இருக்கிறது; இன்னொரு கணினியில் கண்ணாடிப் பிரதி வைத்துக்கொள்ளலாம். தினமும் இரவில் அதை ஓடவிட ஒரு வரி போதும். ஒன்பது நாள் அந்த ஒரு வரியை ஓடவிடாதவர்கள், கிட் வந்ததும் ஒழுங்காகிவிடுவார்களா?

நான் 2004-இல் முதல் பதிப்பு வெளிவந்ததிலிருந்து இதில் வேலை செய்கிறேன். அதற்கு முன்பு சிவிஎஸ் என்ற பழைய கருவி. ஒரு திருத்தம்கூடத் தொலைந்ததில்லை. இன்னொன்றும் யோசியுங்கள். ஆலைக் கணக்குப்பிள்ளை ஃபோனில் "என்ன பதிப்பு ஓடுகிறது?" என்று கேட்டால் "4127" என்று சொல்கிறேன், எழுதிக்கொள்கிறார். கிட்டில் ஒவ்வொரு பதிப்புக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 40 குறிகள். சுருக்கி ஏழு என்றாலும் அதை மன்னார்குடிக்கு ஃபோனில் சொல்லிப் பாருங்கள்.

அரசலாறு

ஐயா, காப்புப் பிரதி எங்கள் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் சப்வெர்ஷன் கல்லணை மாதிரி. மதகைத் திறந்தால்தான் எல்லோருக்கும் தண்ணீர். கிட் என்றால் ஒவ்வொரு வயலிலும் சொந்த போர்வெல். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் லினக்ஸ்காரர்கள் பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் கைவிட்டுப் போனபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து கிட்டை எழுதினார். அதே ஏப்ரலில் கிட் தன் நிரலைத் தானே சுமக்கத் தொடங்கிவிட்டது.

குடமுருட்டி

அவர்கள் ஆயிரக்கணக்கான பேர், உலகம் முழுவதும் சிதறிக் கிடப்பவர்கள். நீங்கள் 14 பேர், மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். திருவாரூர்த் தேரின் வடத்தை மாட்டு வண்டியில் கட்டி இழுப்பானேன்?

கடைமடை | வேதாரண்யம் பக்கம் | திங்கள் காலை

முதலில் அந்த போர்வெல் உவமையை விட்டுவிடுங்கள் தம்பி. எங்கள் பக்கம் ஆளுக்கொரு போர் போட்டுத்தான் நிலத்தடித் தண்ணீர் உப்பாகிக்கொண்டிருக்கிறது.

நான் ஒரு சென்னை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் தலைமேல்தான் ஏறிப் போனது. தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை, மின்கம்பம் ஒன்றும் நிற்கவில்லை, செல்பேசிக் கோபுரமும் செத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் மடிக்கணினிக்கு மின்னேற்றிக்கொண்டு, இணையமே இல்லாமல் வேலை பார்த்தேன். 31 கமிட், அதாவது 31 தனித்தனி மாற்றப் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு. பழைய வரலாற்றைப் பார்த்தேன், இரண்டு கிளைகளை (தனியாகப் பிரித்து வளர்த்த நிரல் வடிவங்கள்) இணைத்தேன். பிறகு திருத்துறைப்பூண்டிக்குப் பஸ்ஸில் போய், சிக்னல் வந்ததும் ஒரே தடவையில் ஏற்றினேன்.

குடமுருட்டி ஐயா, சப்வெர்ஷனில் இதைச் செய்திருக்க முடியுமா?

குடமுருட்டி

புயலில் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும் அம்மா; எங்கள் பக்கமும் வாழை முழுவதும் படுத்துவிட்டது. ஆனால் உண்மையைச் சரியாகச் சொல்ல வேண்டும். கடைசியாக எடுத்த வடிவத்தோடு ஒப்பிட்டு என்ன மாற்றினோம் என்று பார்க்க சப்வெர்ஷனுக்கும் இணையம் வேண்டாம். கமிட் செய்யவும் பழைய வரலாற்றைப் புரட்டவும் சர்வர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 31 கமிட்டும் ஒரே குவியலாகப் போயிருக்கும். அது குறைதான்.

அதை வைத்துத் தினசரி வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது. எங்களிடம் பில் அச்சடிக்கும் வார்ப்புருக்கள், எக்செல் தாள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவற்றை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் எந்தக் கருவியாலும் இணைக்க முடியாது. சப்வெர்ஷனில் ஒருவர் பூட்டிவிட்டு வேலை செய்கிறார், மற்றவர் காத்திருக்கிறார். பயிற்சிக்கு வந்த பையனுக்கு உரிமச் சாவிகள் இருக்கும் அடைவே கண்ணில் படாதபடி செய்திருக்கிறேன். கிட் களஞ்சியத்தில் நுழைந்தவன் அதில் உள்ள அத்தனையையும் எடுத்துக்கொண்டு போகலாம். பத்து ஆண்டுக்கு முன்பு யாரோ மறந்து போட்ட கடவுச்சொல் உட்பட.

மன்னை | மன்னார்குடி | திங்கள் மதியம்

நான் கல்லூரி முடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். மூன்று நிறுவனங்களின் மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மன்னார்குடி மதிலழகு என்பார்கள். நானும் மதில்மேல் உட்கார்ந்தே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொன்ன பூட்டு, பெரிய கோப்புகளுக்கான கிட்டின் எல்எஃப்எஸ் நீட்சியில் இருக்கிறது. அடைவு வாரியான அனுமதி இல்லை. களஞ்சியத்தைப் பிரித்துத்தான் சமாளிக்க வேண்டும். இவையெல்லாம் எனக்குப் பெரிதில்லை. என்னைப் பயமுறுத்தியது வேறு. ஓரிடத்தில் மாறிய மூன்றாவது வாரம், புதிதாக வந்த பெண் ரீபேஸ், அதாவது கமிட் வரிசையைத் திருத்தி எழுதும் வேலை, செய்து பார்த்தார். சர்வர் ஏற்கவில்லை. இணையத்தில் தேடியபோது "கட்டாயப் புஷ்" (சர்வரில் இருப்பதை மேலெழுதி ஏற்றுவது) கொடு என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்து, கொடுத்துவிட்டார். நான்கு பேருடைய ஐந்து நாள் வேலை மையக் கிளையிலிருந்து மறைந்தது. அழுதுவிட்டார், பாவம். கடைசியில் விடுப்பில் போன ஒருவருடைய மடிக்கணினியில் பழைய கிளை அப்படியே இருந்தது, மீட்டோம். அதாவது, கிட்டை வைத்துக் கெடுத்ததைக் கிட்டை வைத்தே மீட்டோம்.

தவறு அந்தப் பெண்ணுடையது இல்லை. கட்டாயப் புஷ்ஷை மறுக்கச் சொல்லி சர்வரில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். மாற்றியவர்கள் எழுதவில்லை. இங்கும் ஒரு வரிதான், குடமுருட்டி அண்ணன் சொன்னது போலவே.

அரசலாறு | திங்கள் இரவு

எங்களுடைய பெரிய வலியை இன்னும் சொல்லவே இல்லை. 11 ஆலைகளுக்கும் 11 அடைவுகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆலைக்கும் கழிவு விதி வேறு. ஓர் ஆலையில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் கழிவு, இன்னொன்றில் 18. ஒன்றில் திருத்திய பிழையை மற்றப் பத்திலும் கையால் திருத்துகிறோம். சப்வெர்ஷனில் கிளைகளை இணைப்பது நரகம். கிட்டில் கிளை என்பது ஒரு சிறு கோப்பு, கண நேரத்தில் பிறக்கிறது. பைசெக்ட் கட்டளை ஆயிரம் கமிட்டில் பிழை நுழைந்த இடத்தைப் பத்துச் சோதனையில் காட்டிவிடும்.

குடமுருட்டி

இணைப்பது நரகம் என்பது 2008-க்கு முந்தைய பேச்சு. 1.5 பதிப்பிலேயே எதை எதில் இணைத்தோம் என்று அதுவே நினைவு வைத்துக்கொள்கிறது. பாதியாகப் பாதியாக வெட்டிப் பிழை தேடுவதும் வரிசை எண் இருந்தால் கையாலேயே வரும்: 4000 சரி, 4200 தவறு, 4100 பார். இதற்கு ஒரு கட்டளையா!

கடைமடை

நினைவு வைத்துக்கொள்கிறது ஐயா, ஆனால் ஒரு கோப்பின் பெயரை ஒருவர் மாற்றி, இன்னொருவர் அதே கோப்பைத் திருத்தினால் மரச் சிக்கல் என்று நின்றுவிடுகிறதே? அதில் நான் இழந்த மாலைப்பொழுதுகள் எத்தனை.

இருக்கட்டும். அரசலாறு தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்த 11 அடைவுகளும் எப்படிப் பிறந்தன? சப்வெர்ஷனின் நகல் கட்டளையாலா, அல்லது விண்டோஸில் அடைவைப் பிடித்து நகலெடுத்து ஒட்டினீர்களா?

அரசலாறு | செவ்வாய் காலை

இப்போதுதான் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன், அக்கா. நான்கு அடைவுகள் நகல் கட்டளையால் முறையாகப் பிறந்தவை. ஏழு ஒட்டியவை. ஒன்றின் பெயர் "வலங்கைமான்_புதியது_இறுதி_2".

கடைமடை

நினைத்தேன். அந்த ஏழுக்கும் மூலத்தோடு எந்த உறவும் பதிவில் இல்லை. கிட்டுக்கு மாற்றினாலும் அவை கிளைகளாக மாறாது. பக்கத்துப் பக்கத்து அடைவுகளாகவே வந்து உட்காரும். இந்த வேலை எந்தக் கருவி வந்தாலும் உங்கள் தலையில்தான்.

குடமுருட்டி

இதைத்தான் சொல்ல வந்தேன், அம்மா அழகாகச் சொல்லிவிட்டார்கள். தம்பி, 17-ம் 18-ம் நிரலில் இருக்கக்கூடாது, ஆலைவாரியாக அட்டவணையில் இருக்க வேண்டும். மழை ஆண்டில் அரசு கொள்முதல் நிலையத்தில் வரம்பைத் தளர்த்தினால் ஆலைக்காரரும் விதியை மாற்றுவார். அப்போது 11 கிளையையும் திறப்பீர்களா? ஒரே நிரல், 11 வரி அட்டவணை. அதன்பின் இணைக்க ஒன்றுமே இராது. கிட்டும் வேண்டாம்.

அரசலாறு

அட்டவணை யோசனை சரி, நாளையே தொடங்குகிறேன். ஆனால் அந்த 11 அடைவும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று கண்டுபிடித்து ஒன்றாக்கும் மாதக்கணக்கான வேலையில் தினமும் கிளை பிரித்து, சோதித்து, பிடிக்காவிட்டால் எறிய வேண்டும். அதற்காகத்தான் கிட் கேட்கிறேன் ஐயா. சப்வெர்ஷனில் கிளை போட எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள், அதனால்தான் ஒட்டினார்கள்.

குடமுருட்டி

பயப்படுபவர்களுக்கு ரீபேஸ் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள். முருகன்தான் துணை.

கோரையாறு | செவ்வாய் மதியம்

இரண்டையும் விடுங்கள், ஃபாசில் என்ற கருவியைப் பாருங்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை எழுதியவர்களே அதில்தான் வேலை செய்கிறார்கள். முழுக் களஞ்சியமும் ஒரே கோப்பு, காப்புப் பிரதி எடுப்பது என்றால் அந்தக் கோப்பை நகலெடுப்பது.

மன்னை

கோரையாறு, நல்ல கருவி. ஆனால் வேலைக்கு வரும் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. கிட்டில் ஆறு கட்டளையாவது தெரிந்து வருகிறார்கள்.

அரசலாறு, மாறுவதாக இருந்தால் சில்லறைத் தொல்லைகள் சில. காலி அடைவுகளைக் கிட் வைத்துக்கொள்ளாது. உங்கள் அச்சு வெளியீட்டுக்குக் காலியான அடைவு தேவையென்றால் அதில் ஏதாவது ஒரு கோப்பைப் போட்டு வையுங்கள். தமிழில் பெயரிட்ட கோப்புகள் பட்டியலில் \340\256 என்று எண்களாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள், கோர்.கோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழாகிவிடும். இன்னொன்று எந்தக் கருவியாலும் தீராது: "கொள்முதல்" என்பதில் உள்ள கொ-வை ஒருவர் ஒரே குறியாகவும், பழைய எழுத்துரு மாற்றியிலிருந்து எடுத்தவர் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் வைத்திருப்பார். கண்ணுக்கு ஒன்று, ஒப்பீட்டில் வேறு. ஒரு நாள் முழுவதும் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டேன்.

அரசலாறு | வியாழன் இரவு

முதலாளியிடம் பேசிவிட்டேன். எடைமேடைக்கான செல்பேசிச் செயலி புதிது. அது முதல் நாளிலிருந்தே கிட்டில். கட்டாயப் புஷ்ஷை சர்வரில் மறுத்தாயிற்று. ஆலை மென்பொருள் தை வரை சப்வெர்ஷனிலேயே இருக்கும்; அதற்குள் 11-ஐ ஒன்றாக்க வேண்டும். அச்சு வார்ப்புருக்கள் அங்கேயே தங்கும். குடமுருட்டி ஐயா, ஹாட்காப்பி நேற்று இரவிலிருந்து ஓடுகிறது. நகல் தாராசுரத்தில் ஒருவர் வீட்டில்.

குடமுருட்டி

ஹாட்காப்பி ஒன்றுக்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். மற்றதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. அந்த நகலிலிருந்து ஒருமுறை மீட்டெடுத்தும் பாருங்கள். எடுத்து வைத்ததோடு நிற்காதீர்கள்.

அரசலாறு

பார்க்கிறேன் ஐயா. கடைசியாக ஒரு சந்தேகம். மாற்றத்துக்கு முன்னோட்டமாக, பழைய பயனர் பெயர் ஒவ்வொன்றுக்கும் உண்மைப் பெயர் எழுதும் பட்டியலைத் தயாரிக்கிறேன். 2011 முதல் 2014 வரை ஏறக்குறைய எல்லாக் கமிட்டும் "நிர்வாகி" என்ற பெயரில் இருக்கிறது. அப்போது நான்கு பேரும் அந்த ஒரே கணக்கில்தான் நுழைந்தார்களாம். இருவர் துபாய் போய்விட்டார்கள், ஒருவர் வேலையை விட்டு வயல் பார்க்கிறார். மீதி ஒருவர் எங்கள் முதலாளி. அவர் பெயரையே போட்டுவிடலாமா?

குடமுருட்டி

போடாதீர்கள். "நிர்வாகி" என்றே விடுங்கள். அந்தக் கழிவுக் கணக்கை எழுதியவர் வயலில் இருப்பவராகவும் இருக்கலாம். கிட்டில் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றப் போனால் அதன்பிறகு வந்த எல்லாக் கமிட்டின் அடையாளமும் மாறிவிடும் என்று நீங்கள்தானே படித்திருப்பீர்கள்.

கடைமடை

வயல் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் தம்பி. இப்போது நடவு முடிந்திருக்கும், பேச நேரம் இருக்கும்.