தகாயசு நோயால அயோர்ட்டா வீங்கியிருக்கு, ஆபரேஷனை ஏன் தள்ளிப்போடுறாங்க?

தம்பிக்காரன்:
அக்காவுக்கு 34 வயசு, தகாயசு ஆர்ட்டரைட்டிஸ், அதாவது பெரிய ரத்தக்குழாய் சுவர்ல அழற்சி வர்ற நோய். ஹார்ட்ல இருந்து மேல ஏறுற பெரிய ரத்தக்குழாய், அயோர்ட்டா, 5.2 செமீ வீங்கியிருக்குன்னு சிடி ஸ்கேன்ல வந்திருக்கு, அழற்சியைக் காட்டற ரத்த டெஸ்ட் இஎஸ்ஆர் 70. உடனே ஆபரேஷன்னு நினைச்சுப் போனா, சர்ஜன் முதல்ல ஸ்டீராய்டு போட்டு அழற்சி அடங்கட்டும்ங்கறார். அதுவரைக்கும் வெடிக்காம இருக்கணுமே, வீட்ல யாருக்கும் தூக்கமே இல்ல. இப்படித்தான் எல்லாருக்கும் செய்வாங்களா?

பல்ஸ் இல்லாதவள்:
எனக்கும் இதே கதைதான், ஆபரேஷன் பண்ணி 6 வருஷம் ஆச்சு. ரத்தக்குழாய் சுவர் வெந்துபோய் இருக்கும்போது வெட்டி கிராஃப்ட், அதான் செயற்கைக் குழாய், வச்சா தையல் நிக்காதாம், ஊறின அட்டைல ஊசி போட்ட மாதிரின்னு என் சர்ஜன் சொன்னார். இன்னிக்கு நின்னாலும் பின்னாடி தையல் போட்ட இடத்துலயே புதுசா ஒரு வீக்கம் வரலாம், அதுக்குத்தான் வருஷாவருஷம் எனக்கு ஸ்கேன். ஒண்ணு கேக்கறேன், அக்காவுக்கு பிபி எந்தக் கைல பாக்கறாங்க? எனக்கு இடது கைக்குப் போற குழாய் அடைச்சிருக்கு, புது நர்ஸ் வந்தா மூணு தடவை காத்தடிச்சிட்டு என் மூஞ்சியப் பாப்பாங்க, நான் பேசாம காலை நீட்டிடுவேன். அடைச்ச கைல கம்மியாதான் காட்டும், உள்ள அயோர்ட்டால எகிறிக் கிடக்கும்.

வார்டு டியூட்டி:
மேல சொன்னது சரி. ஆனா காத்திருக்கறது நிலைமை ஸ்டேபிளா இருந்தா மட்டும்தான். திடீர்னு நெஞ்சுலயோ முதுகுலயோ கிழிக்கற மாதிரி வலி, மயக்கம்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம எமர்ஜென்சிக்கு ஓடுங்க, அப்போ இஎஸ்ஆர்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. ஸ்டீராய்டு அதிகமா ஓடினாலும் புண் ஆற லேட்டாகும், இன்ஃபெக்ஷன் பயம் வேற, அதனால டோஸை முடிஞ்சவரை இறக்கிட்டுதான் தியேட்டருக்குக் கொண்டுபோவாங்க, கூடவே நோய் எதிர்ப்பை அடக்கற மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்து சேர்ப்பாங்க. மூஞ்சி உப்புதுன்னு ஸ்டீராய்டை நீங்களா நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். இஎஸ்ஆர் இறங்கிட்டாலே நோய் அடங்கிடுச்சுன்னும் இல்ல, சிலருக்கு ரத்த டெஸ்ட் நார்மலா இருக்கும், சுவர்ல மட்டும் அழற்சி புகைஞ்சுக்கிட்டே இருக்கும், அதான் அதைக் காட்டற பெட் ஸ்கேன்லாம் கேக்கறது.

தம்பிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. இப்பதான் அக்காகிட்ட கேட்டேன், இத்தனை நாளும் இடது கைலதானாம். 110ன்னு வந்ததும் பிபி நல்லாருக்குன்னு நாங்களும் நிம்மதியா இருந்துட்டோம். காலைல முதல் வேலையா ரெண்டு கை ரெண்டு கால் நாலுலயும் பாக்கச் சொல்றேன்.